கிளிநொச்சியும் ரொறன்ரோவும்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

கிளிநொச்சியில் ஒரு குடும்பத்தின் தலைவர் தை மாதத்துத் திங்கட்கிழமையொன்றின் வைகறை 4 மணிக்கு உயிர் நீத்தார் என்று கொள்க. அவருடைய மூத்த மகன் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில் வாழ்பவன். செய்தி தொலைபேசி வழியாக அவனை எட்டிய கணத்தில் அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலை 5.30 மணி. அன்றிரவு விமானத்தில் இடம் அகப்படவில்லை; மறுநாளைக்கே கிடைத்தது. "திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு விமானம் ஏறுகிறேன், கொழும்புக்கு வந்து சேர இருபது மணித்தியாலம் செல்லும்" என்று அவன் வீட்டாருக்கு அறிவிக்கின்றான். மரணவீட்டிற் கூடிய பெரியோர் கணக்கிடுகின்றனர். திங்கள் இரவு பத்துடன் இருபதைக் கூட்டினாற் செவ்வாய் மாலை 6 மணி. அதன்மேல் விமான நிலையத்துக் காரியங்களுக்கும் தரைவழிக்குமாக எட்டு மணித்தியாலம். ஆகவே மகன் புதன் அதிகாலை 2 மணிக்கு வீட்டில் நிற்பான். புதன்கிழமை பகல் 12 மணி முதல் 1.30 வரை இராகுகாலம் ஆதலின், அதற்கு முன்னரே பிரேதத்தை எடுத்துவிடல் வேண்டும் என்று கருதி, காலை 10 மணிக்கு ஈமக்கிரியை என்று அறிவித்தலும் கொடுத்துவிடுகின்றனர்.

மகன் உண்மையில் வீட்டு வாசலில் வந்து இறங்கியது புதன்கிழமை பகல் 12.30 மணிக்கு. அப்பொழுது இளைய மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

இக்குடும்பம் கற்பனைக் குடும்பமே. ஆயினும் இதனையொத்த தவறு வன்னிப் பெருநிலத்தில் நேர்தற்கரியது என்று சொல்லுதற்கில்லை. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரங்களுள் ரொறன்ரோ முதன்மையானது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அந்நகரோடு உறவுத் தொடர்பு அற்ற கிராமங்கள் சிலவே இருத்தல் கூடும். அத்தகைய ஊரவர்க்கு ஈரிடங்களுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு, அதனைக் கடக்க எத்துணை நேரம் செல்லும் என்னும் வினாக்கள் பூகோளப் பாடநூலின் வினாக்கள் அல்ல. ஒரு மகன் தந்தையின் முகத்தைக் காண்பானா மாட்டானா என்பதை முடிவு செய்யும் வினாக்களாம். மேற்கூறிய பெரியோர் கூட்டலிற் பிழைவிட்டவர் அல்லர். அவர்கள் கூட்டியது சரியே. கூட்ட மறந்தது ஒன்று உண்டு. அதனைக் காணுமுன் தூரத்தை ஆராய்தல் முறை.

வன்னிப் பெருநிலத்தில் அயல்நாட்டுப் பயணிகள் விமானம் வந்திறங்கும் நிலையம் இல்லை. வடக்கே பலாலி உண்டு. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது என்பது மாணவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அந்நிலையம் 2019 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. எனினும் அங்கிருந்து செல்லும் சென்னை விமானம் ஏறத்தாழ 355 கிலோமீற்றரையே கடக்கின்றது. ரொறன்ரோ செல்வோர்க்குப் புகலிடம் கட்டுநாயக்காவே. ஆதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படும் இரு விமான நிலையங்கள் கட்டுநாயக்காவும் ரொறன்ரோவின் பியர்சன் நிலையமுமாம்.

இவ்விரண்டின் இருப்பிடமும் வியப்புக்குரியது. கட்டுநாயக்கா வட அகலாங்கு 7 பாகை 11 கலையிலும், கிழக்கு நெட்டாங்கு 79 பாகை 53 கலையிலும் உள்ளது. பியர்சன் நிலையம் வட அகலாங்கு 43 பாகை 41 கலையிலும், மேற்கு நெட்டாங்கு 79 பாகை 38 கலையிலும் உள்ளது. கிறீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ எண்பது பாகையில் ஒன்று. மேற்கே ஏறத்தாழ எண்பது பாகையில் மற்றையது. இரண்டுக்கும் இடையேயுள்ள நெட்டாங்கு வேறுபாடு 159 பாகை 31 கலை. நேர் எதிர்ப்புறம் எனப்படுதற்கு இருபது பாகையே குறைவு.

வகுப்பறைச் சுவரிலே தொங்கும் உலகப் படத்தில் இவ்விரு புள்ளிகளையும் அடிமட்டத்தால் இணைத்தால் அக்கோடு அரபிக்கடலைத் தாண்டி, ஏமன் நாட்டின் மேலாகச் சென்று, சகாராப் பாலைவனத்தைக் குறுக்கறுத்து, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கனடாவை அடையும். வழி அதுவே என்று எண்ணுவோர் பலர். அவ்வழியே ஒருவன் திசைகாட்டியின் ஒரே முகத்தை நோக்கி விடாது பறந்தால் ஏறத்தாழ 16,100 கிலோமீற்றர் செல்லல் வேண்டும். ஆனால் உலகம் தட்டையன்று. சுவர்ப்படம் உருண்டையை விரித்துத் தட்டையாக்கும் முயற்சியில் துருவத்தை அண்டிய நிலங்களை அளவிறந்து இழுத்து நீட்டிவிடுகின்றது. அப்படத்தின் நேர்கோடு புவியின் நேர்வழி ஆகாது.

பாடசாலையிற் பூகோள உருண்டை ஒன்று இருக்குமாயின், ஒரு நூலை எடுத்து அதன் ஒரு முனையைக் கொழும்பிலும் மறு முனையை ரொறன்ரோவிலும் வைத்து இறுக இழுத்துப் பிடிக்கச் செய்க. நூல் மேற்கே ஓடாது வடக்கே ஏறுவதைக் காணும் மாணவன் அதனைப் பின்னர் மறக்கமாட்டான். அவ்வாறு இறுகிய நூல் கிடக்கும் வழியே பெருவட்டம் எனப்படும். உருண்டையின் நடுவினூடே செல்லும் ஒரு தளம் அதன் மேற்பரப்பை வெட்டும் வட்டம் அது. உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கிடையே அதனிற் குறுகிய வழி வேறில்லை. பூமத்தியரேகையும் நெட்டாங்குக் கோடுகளும் பெருவட்டங்களே. பூமத்தியரேகை தவிர்ந்த அகலாங்குக் கோடுகளோ சிறுவட்டங்கள். ஆகையாற்றான் ஒரே அகலாங்கில் உள்ள இரு நகரங்களிடையேகூட விமானம் அக்கோட்டின் வழியே செல்வதில்லை.

அத்தூரத்தைத் திரிகோண கணிதத்தாற் காணும் முறை கடினமன்று. உயர்தர வகுப்பு மாணவன் கடதாசித் துண்டொன்றிற் செய்துவிடலாம். இரு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குக. இரு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வேறுபாட்டின் கோசைனையும் ஒருங்கே பெருக்குக. இரண்டையும் கூட்ட வருவது, புவியின் நடுவில் அவ்விரு நிலையங்களும் அமைக்கும் கோணத்தின் கோசைன். கட்டுநாயக்காவின் சைன் 0.125, ரொறன்ரோவின் சைன் 0.691, பெருக்கம் 0.086. கோசைன்கள் முறையே 0.992, 0.723, நெட்டாங்கு வேறுபாடு தொண்ணூறு பாகையை மிஞ்சியதால் அதன் கோசைன் மறைக்கணியமாகி -0.937 என வரும். மூன்றின் பெருக்கம் -0.672. கூட்டுத்தொகை -0.586. அதற்குரிய கோணம் 125.9 பாகை. புவிப்பரப்பில் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர் ஆதலின் தூரம் 14,000 கிலோமீற்றர். சுவர்ப்படத்தின் நேர்கோட்டிலும் 2,100 கிலோமீற்றர் குறைவு; அதாவது விமானத்திற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட இலாபம்.

பூமி சரியான உருண்டையன்று, துருவங்களிற் சற்றே தட்டையானது என்று கூறி இக்கணக்கைக் குறை காண்போர் இருப்பர். அவர் கூற்று மெய்யே. ஆயினும் அதனால் நேரும் வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டாது. மரணவீட்டுக் கணக்கிற்கு அந்நுணுக்கம் வேண்டுவதன்று.

அப்பெருவட்ட வழி எந்நாடுகளின் மேலாகச் செல்லும் என்று பார்த்தல் சுவை பயப்பது. கட்டுநாயக்காவிலிருந்து வடக்கிற்குச் சற்றே மேற்காக, பதினெட்டுப் பாகை சாய்ந்து புறப்படும் அக்கோடு ஆந்திர, கர்நாடக எல்லைப் புறங்களையும் இராசத்தானத்து மணல்வெளியையும் கடந்து, ஆப்கானித்தானத்தின் மேலும் கசகத்தானத்தின் மேலுமாக உருசியாவை அடைகின்றது. பின்பு ஆட்டிக் வட்டத்தினுள் நுழைந்து, நோர்வேயின் வடகோடியில், ட்ரொம்சோ நகரை அண்டிச் செல்கின்றது. அதன் அதியுயர் புள்ளி வட அகலாங்கு 72 பாகை. யான் மாயன் என்னும் எரிமலைத் தீவுக்குச் சற்று வடக்கே, உறைகடலின் மேல். அங்கிருந்து மெல்லத் தெற்கே வளைந்து, கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்து, கியூபெக் மாகாணத்தின் வழியாக ரொறன்ரோவிற்கு இறங்குகின்றது. வெப்பவலயத்து வயல் நிலத்திலிருந்து புறப்படுபவன் குளிர் நாட்டிற்குச் செல்லும் குறுக்குவழி அதனினும் குளிர்ந்த நாட்டினூடாக அமைந்திருப்பது புவியின் உருண்டைத் தன்மையால் வந்த விந்தை.

இவ்வழியே நேராகப் பறக்கும் பயணிகள் விமானம் இன்று இல்லை. விமானங்களுக்கு வலிமை போதாமையன்று காரணம். சிங்கப்பூருக்கும் நியூயோர்க்கிற்கும் இடையே 15,300 கிலோமீற்றரை ஒரே வீச்சிற் கடக்கும் விமானங்கள் உள; அவை பதினெட்டு மணித்தியாலத்திற்கு மேல் வானத்தில் நிற்கின்றன. ஆனால் அத்துணைத் தூரத்திற்கு எரிபொருளையே சுமந்து செல்லும் விமானத்தை நாள்தோறும் நிரப்பப் போதிய பயணிகள் கொழும்பில் இல்லை. ஆதலின் பயணி வேறோரிடத்தில் இறங்கி மாறி ஏறுகின்றான். துபாய், டோகா, அபுதாபி, இலண்டன் என்பன அவ்வாறு மாறும் இடங்களுட் சில.

இடையில் இறங்கிச் செல்வது பெரிய சுற்றுவழி என்று எண்ணப்படுகின்றது. கணக்கு அவ்வாறு காட்டவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து துபாய்க்கு 3,290 கிலோமீற்றர். துபாயிலிருந்து ரொறன்ரோவிற்கு 11,080. மொத்தம் 14,370. நேர்வழியிலும் 370 கிலோமீற்றரே மிகை. இலண்டன் வழியாயின் முதற்பகுதி ஏறத்தாழ 8,700, இரண்டாம் பகுதி 5,700, மொத்தம் 14,400. நூற்றுக்கு மூன்று பங்கு மிகையென்பது விமானத்திற்கு அரை மணித்தியாலக் கணக்கு. பயணியின் காலத்தை உண்பது வழியின் வளைவன்று. மாறும் நிலையத்தில் அடுத்த விமானத்திற்காகக் காத்திருக்கும் வேளையே. மலிவான சீட்டை வாங்கியவன் பத்து மணித்தியாலம் காத்துக் கிடப்பதும் உண்டு. சீட்டு வாங்குங்கால் விலையை நோக்குவோர் இக்காத்திருப்பையும் நோக்குதல் வேண்டும். துக்கச் செய்தி கேட்டுப் புறப்படுபவன் சிறப்பாக.

விமானிகள் பெருவட்டத்தையும் அப்படியே பின்பற்றுவதில்லை. இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் பழுதுற்றாலும் குறித்த நேரத்துள் இறங்கத்தக்க நிலையம் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விதி உண்டு. மலைத்தொடர்களின் மேல் நெடுந்தூரம் பறப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே கீழே இறங்குதற்கு மலை இடங்கொடாது. இவற்றிலும் மேலானது அரசியல். 2019 ஆம் ஆண்டில் பாக்கித்தானம் சில மாதங்கள் தன் வான்வெளியை மூடியது. 2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் உக்கிரேன் போர் தொடங்கியபின் அந்நாட்டு வான்வெளி மூடப்பட்டது. கனடா, ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு உருசிய வானும் அடைபட்டது. அதன் விளைவைக் காட்டப் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி நகரிலிருந்து தோக்கியோ செல்லும் விமானத்தைச் சான்றாகக் கூறலாம். முன்னர் ஒன்பதரை மணித்தியாலத்திற் சென்ற பயணத்திற்குப் பின்னர் பதின்மூன்று மணித்தியாலம் வேண்டியதாயிற்று. நகரங்கள் இடம் பெயரவில்லை, வழியே நீண்டது.

இனி நேரம். நெடுந்தூர ஜெட் விமானம் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்திற் பறக்கின்றது. அங்கே வெப்பநிலை உறைநிலைக்கு ஐம்பத்தாறு பாகை கீழ். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைந்து செக்கனுக்கு 295 மீற்றராகும். விமானம் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு வேகத்திற் செல்வதாயின் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர். அதன்படி துபாயிலிருந்து ரொறன்ரோவிற்குப் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். மேலெழவும் கீழிறங்கவும் அரை மணித்தியாலத்தைக் கூட்டினாற் பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மேற்கு நோக்கிச் செல்லும் விமானம் ஏறத்தாழப் பதினான்கு மணித்தியாலம் எடுக்கின்றது; கிழக்கு நோக்கி மீள்வதோ பன்னிரண்டரை முதல் பதின்மூன்று மணித்தியாலத்தில் வந்துவிடுகின்றது. ஒரே வழியிற் போவதற்கும் வருவதற்கும் இவ்வேறுபாடு ஏன்?

மணிக்கு 900 கிலோமீற்றர் என்பது காற்றினூடே விமானத்தின் வேகம். நிலத்தின் மேல் அதன் வேகம் அன்று. இரணைமடுக் குளக்கட்டிலே சோளகக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பவனும் அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்புபவனும் ஒருவனே. அவன் காலின் வலிமையும் ஒன்றே. சேரும் நேரம் மட்டும் வேறு. வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் ஆற்றைப்போல் ஓடும் கடுங்காற்று உண்டு. தாரைக்காற்று என்பது அதன் பெயர். மாரியில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரையும் விஞ்சும். வெப்ப வலயத்திற்கும் துருவ வலயத்திற்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடும் புவியின் சுழற்சியும் சேர்ந்து அதனைப் பிறப்பிக்கின்றன. புவி சுழன்று நகரத்தை எதிரே கொண்டுவந்து தருவதாற்றான் ஒரு திசைப் பயணம் விரைகின்றது என்று சிலர் கூறுவது பிழை. விமானமும் அதனைத் தாங்கும் காற்றும் புவியோடு கூடவே சுழல்கின்றன. விரைவைத் தருவது காற்றே.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என்பதும் முழுவதும் உண்மையன்று. 11,000 கிலோமீற்றர் வழியில் எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீற்றர் என்று கொள்க. செல்லும் வேகம் 800, மீளும் வேகம் 1,000. போக 13 மணி 45 நிமிடம், வர 11 மணி. மொத்தம் 24 மணி 45 நிமிடம். காற்றே இல்லாதிருப்பின் 24 மணி 27 நிமிடத்தில் இரு வழியும் முடிந்திருக்கும். எதிர்க்காற்றினுள் விமானம் நெடுநேரம் நிற்கின்றது, துணைக்காற்றினுட் சிறிது நேரமே நிற்கின்றது என்பதே காரணம்.

இன்றைய வேகத்தின் அருமையை உணர இலங்கையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1942 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்கும் அவுத்திரேலியாவிற்கும் இருந்த வான்வழி அறுந்தது. 1943 முதல் 1945 வரை காலி நகரை அடுத்த கொக்கலை வாவியிலிருந்து பேர்த் நகருக்குக் கற்றலீனா என்னும் கடல் விமானங்கள் இந்து சமுத்திரத்தை ஒரே வீச்சிற் கடந்து சென்றன. தூரம் 5,650 கிலோமீற்றர். பிடித்த நேரம் இருபத்தேழு முதல் முப்பத்து மூன்று மணித்தியாலம். எதிரி அறியாதவாறு வானொலியை அடக்கிவைத்து, விண்மீன்களை அளந்து வழி கண்டனர் மாலுமிகள். ஏற்றிய பயணிகள் மூவரே. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியோதயம் காண்பார் ஆதலின், அதிற் சென்றோர்க்கு இரட்டை உதயத்தின் இரகசியச் சங்கத்தினர் என்று பத்திரமும் வழங்கப்பட்டது. அவ்விமானத்தின் வேகத்தில், எங்கும் தங்காது ரொறன்ரோ செல்வதாயின் ஏறத்தாழ மூன்று பகலும் மூன்று இரவும் வேண்டும்.

பெரியோர் கூட்ட மறந்ததை இப்பொழுது காணலாம். பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் யாவும் அவ்வவ்வூர் நேரங்கள். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணிக்கூட்டிலும், சேரும் நேரம் சேரும் ஊரின் மணிக்கூட்டிலும் குறிக்கப்படும். இலங்கையின் மணிக்கூடு கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. ரொறன்ரோவின் மணிக்கூடு குளிர்காலத்தில் ஐந்து மணித்தியாலம் பிந்தியது. இடைவெளி பத்தரை. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு தொடக்கம் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு வரை ரொறன்ரோ மக்கள் தம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பர். அக்காலத்தில் இடைவெளி ஒன்பதரை. சித்திரை வருடப்பிறப்பிற்கு வாழ்த்துச் சொல்ல அழைக்கும் மகன் தைப்பொங்கலன்று அழைத்ததிலும் ஒரு மணித்தியாலம் வேறுபட்டு அழைப்பதன் காரணம் இதுவே.

மகன் ஏறியது ரொறன்ரோவின் திங்கள் இரவு 10 மணி. அக்கணம் கிளிநொச்சியில் செவ்வாய் காலை 8.30. அதனுடன் இருபது மணித்தியாலத்தைக் கூட்டினால் அவன் கட்டுநாயக்காவில் இறங்குவது புதன் அதிகாலை 4.30. பெரியோர் செவ்வாய் மாலை 6 என்று கண்டது ரொறன்ரோவின் மணிக்கூட்டிலேயே; அந்த மாலை கிளிநொச்சி மாலையன்று. கூட்டத் தவறிய பத்தரை மணித்தியாலமே தந்தைக்கும் மகனுக்கும் இடையே நின்றது.

இதன் மறுதலையான மயக்கமும் உண்டு. சீட்டைக் கையில் வைத்திருப்பவர் திங்கள் இரவு 10, புதன் காலை 4.30 என்னும் இரண்டையும் கழித்துப் பயணம் முப்பதரை மணித்தியாலம் என்று அஞ்சுவார். மீளும் சீட்டிலோ சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்குக் கட்டுநாயக்காவிற் புறப்பட்டு அதே சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ரொறன்ரோ சேர்வதாக இருக்கும். பன்னிரண்டு மணித்தியாலத்திற் போய்விடலாம் என்று மகிழும் முதியவள் மருந்தையும் அதற்கேற்பவே கைப்பையில் எடுத்துவைப்பாள். உண்மை இருபத்திரண்டரை மணித்தியாலம். நீரிழிவு நோய்க்கு நேரந்தவறாது மருந்து கொள்வோர் புறப்படுமுன் இதனை வைத்தியருக்குக் கூறி, எவ்வெப்பொழுது உட்கொள்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளல் நன்று.

மயக்கம் நீங்க வழி எளியது. இரு நேரங்களையும் முதலில் ஒரே மணிக்கூட்டிற்கு மாற்றுக. பின்னரே கூட்டுக, கழிக்க. கிழக்கே இருப்பவன் நாளும் பொழுதும் முந்தியவன் என்பதை நினைவிற் கொண்டால், ரொறன்ரோ நேரத்தோடு பத்தரையையோ ஒன்பதரையையோ கூட்டுவதா குறைப்பதா என்னும் ஐயமும் எழாது.

மணிக்கூட்டு மயக்கம் வன்னி மக்களுக்குப் புதிதன்று. 1996 ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரில் 15 ஆந் திகதியே பழைய ஐந்தரை மீண்டது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பகுதி அம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே அப்பத்தாண்டில் ஒரே தீவினுள், ஒரே கண்டி வீதியில், சோதனைச் சாவடிக்கு வடக்கே ஒரு நேரமும் தெற்கே அரை மணித்தியாலம் முந்திய வேறொரு நேரமும் வழங்கின. விமானம் ஏறக் கொழும்பு சென்ற வன்னிப் பயணி கடல் கடக்குமுன்னரே தன் கைக்கடிகாரத்தைத் திருத்தவேண்டியவன் ஆனான்.

தரைவழிக்கு எட்டு மணித்தியாலம் என்று கொண்டதும் ஆராயத்தக்கது. கட்டுநாயக்காவிலிருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் 250 கிலோமீற்றர்; வீதியில் முந்நூறுக்கு மேல். குடிவரவு, பொதிகள் முதலியவற்றுக்கு ஒன்றரை மணித்தியாலமும் வாகனத்திற்கு ஆறரை மணித்தியாலமும் செல்கின்றன. முழுப் பயணத்தின் தூரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான இத்தரைவழி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை செல்லும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றது. போர்க்காலத்தில் அவ்விரண்டு பங்குக்கு நாட்கணக்கும் சென்றதுண்டு. பாதை மூடியபோது எல்லையும் இருந்ததில்லை. 1990 இல் நின்ற வடபகுதிப் புகையிரதம் 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும், அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. எனினும் விமானத்தின் நேரத்திற்குப் புகையிரதம் காத்திராது ஆதலின், துக்கத்திற்கு வருவோர் வாகனத்தையே நாடுகின்றனர்.

ஆகவே கணக்கை முற்ற எழுதுவதாயின் இவ்வாறு அமையும். ரொறன்ரோவில் வீட்டிலிருந்து நிலையம் சென்று ஏறும்வரை நான்கு மணித்தியாலம், துபாய்க்குப் பன்னிரண்டே முக்கால், அங்கே காத்திருப்பு மூன்று, கட்டுநாயக்காவிற்கு நாலேகால், தரையில் எட்டு. மொத்தம் முப்பத்திரண்டு. இதற்குக் குறைந்த நேரத்தில் வந்து சேர்தல் அரிது. இதற்கு முன்னே சீட்டுப் பெறவும், பிறநாட்டுக் கடவுச்சீட்டு உடையவனாயின் நுழைவனுமதி பெறவும் செல்லும் நேரத்தைக் கூட்டுதல் வேண்டும். கற்பனைக் குடும்பத்தின் மகன் வந்தது இறப்பு நிகழ்ந்து ஐம்பத்தாறரை மணித்தியாலத்தின் பின். பிரேதத்தைப் பதப்படுத்தி வைக்கும் வசதி மலர்ச்சாலைகளில் உண்டு. ஆகையால் அவ்வீட்டார் கிரியையைப் பிற்பகல் 2 மணிக்கு வைத்திருந்தால் இராகுகாலமும் கழிந்திருக்கும். மகனும் வந்து குளித்து ஈர வேட்டியுடன் நின்றிருப்பான்.

பின்வரும் ஆண்டுகளிலும் இக்கணக்கு அம்மகனை விட்டுப் போவதில்லை. தந்தையின் திதியை அவன் ரொறன்ரோவிலேயே கொடுக்க நேரிடும். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள பாகையால் அமைவது. அது தொடங்கும் கணமும் முடியும் கணமும் உலகெங்கும் ஒன்றே. ஆனால் கிளிநொச்சியிற் செவ்வாய் காலை 7 மணிக்கு முடியும் திதி, குளிர்காலமாயின், ரொறன்ரோவில் திங்கள் இரவு 8.30 மணிக்கே முடிந்துவிடும். ஊரிலிருந்து அனுப்பிய நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, செவ்வாயன்று விரதமிருப்பவன் அத்திதி கழிந்தபின்னரே இருக்கின்றான். அவன் பார்க்க வேண்டியது ரொறன்ரோவின் நெட்டாங்குக்கும் நேரத்துக்கும் கணித்த பஞ்சாங்கம்.